தகடூர்ச் சீமையில் ராஜ்ஜியம் கட்டப் பழகுவது: வியூக விளையாட்டுக்குப் புதியவர்களுக்கு

புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே படை திரட்டத்தான் பார்க்கிறார்கள். பத்து வீரர்களைச் சேர்த்துக்கொண்டு எதிரி ஊர் வாசலில் போய் நிற்பார்கள். திரும்பிப் பார்த்தால் சொந்த ஊரில் உணவு பூஜ்யம், வீடு கட்ட மரம் இல்லை, செத்தவனுக்குப் பதில் இன்னொருவனை அனுப்ப வழியில்லை. "நமக்கு இது செட் ஆகாதுணா" என்று மூடிவிடுவார்கள். பேரரசு கட்டும் விளையாட்டுகளில் முக்கால்வாசி வேலை உழவு, தண்ணீர், இடம் பார்ப்பது, மிச்சம் பிடிப்பது. இவை சரியாக இருந்தால் சண்டை பாதி முடிந்த மாதிரி. ஏரி நிரம்பினால்தான் நடவு என்று பார்த்து வளர்ந்த நம் தகடூர்ச் சீமை ஆட்களுக்கு, அதாவது தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு, இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த விளையாட்டு, எந்தக் கருவி

இதில் பெரிதாக இரண்டு வகை. ஒன்று ரியல் டைம்: கடிகாரம் நிற்காது, நீங்கள் யோசிக்கும்போதே எதிரி ஆடு மேய்த்துக்கொண்டிருப்பான். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இந்த வகை. இன்னொன்று டர்ன் முறை: நீங்கள் ஆடி முடித்து பொத்தானை அழுத்திய பிறகுதான் அடுத்தவன் ஆடுவான். சிவிலைசேஷன் இந்த வகை. 1991-ல் சிட் மேயர் தொடங்கிவைத்த வரிசை அது. இன்றுவரை ஏழு பாகங்கள் வந்துவிட்டன. இந்த ரகத்தை '4எக்ஸ்' என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1993-ல் மாஸ்டர் ஆஃப் ஓரியன் என்ற விண்வெளி விளையாட்டைப் பற்றி எழுதும்போது ஆலன் எம்ரிச் என்ற பத்திரிகையாளர் வைத்த பெயர் அது: தேடிப் போ, பரவு, வளத்தை எடு, எதிரியை ஒழி.

முதலில் போனில் இருந்து ஆரம்பியுங்கள் என்பது என் கட்சி. லேப்டாப் வாங்கித் தரச் சொல்லி வீட்டில் சண்டை போடுவதற்கு முன்னால், இந்த மாதிரி யோசனை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிய வேண்டாமா? 'தி பேட்டில் ஆஃப் பாலிடோபியா' என்று ஒன்று இருக்கிறது. ஸ்வீடன்காரர்கள் 2016-ல் வெளியிட்டது. இலவசமாகவே நான்கு குலங்கள் கிடைக்கும். அதில் பெர்ஃபெக்‌ஷன் முறை முப்பது டர்னில் முடிந்துவிடும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் ஒரு ராஜ்ஜியம் கட்டி முடித்துவிடலாம். பார்டூர் குலத்தை எடுங்கள். வேட்டை தெரிந்த குலம். பக்கத்துக் காட்டில் மிருகம் இருந்தால் முதல் ஊர் சீக்கிரம் வளரும்.

அது பிடித்துப்போனால் 'அன்சிவ்'. சிவிலைசேஷன் ஐந்தாம் பாகத்தின் விதிகளை ஒட்டி, திறந்த மூலத்தில் எழுதப்பட்ட இலவச விளையாட்டு. பழைய ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், நெட் இல்லாமலும் ஓடும். படங்கள் சப்பையாக இருக்கும், ஆனால் மூளைக்குக் கொடுக்கும் வேலையில் குறைவில்லை.

கம்ப்யூட்டர் இருக்கிறது, காசு செலவழிக்க முடியாது என்றால் '0 ஏ.டி.' இறக்கிக்கொள்ளுங்கள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் சாயலில் தன்னார்வலர்கள் செய்தது. மௌரியர்களும் அவர்களுடைய யானைகளும் அதில் உண்டு. காசு கொடுத்து வாங்குவதென்றால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிடிவ் எடிஷன் (2019), அல்லது சிவிலைசேஷன் 6 (2016). இரண்டுக்கும் 8 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். கிராபிக்ஸைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் ரூபாய் விலையிலேயே இருக்கும். ஜூன் கடைசியிலும் டிசம்பரிலும் பெரிய தள்ளுபடி வரும், அதுவரை பொறுங்கள். வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் உங்கள் லேப்டாப்பில் திணறாமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள். பென் டிரைவில் யாரோ கொடுக்கும் 'கிராக்' (திருட்டு நகல்) வேண்டாம். அதோடு என்னென்ன வரும் என்பது கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரரைக் கேட்டால் தெரியும்.

முதல் பன்னிரண்டு நிமிஷம்

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-ஐ எடுத்துக்கொள்வோம். இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மற்ற எல்லாவற்றையும் ஆடிக்கொண்டே கற்றுக்கொள்ளலாம், இதைத் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது.

ஆட்டம் தொடங்கும்போது உங்களிடம் ஒரு டவுன் சென்டர் (ஊரின் மையக் கட்டடம்), மூன்று வில்லேஜர் (வேலை செய்யும் ஊர்க்காரர்கள்), ஒரு குதிரை ஒற்றன். கையிருப்பு 200 உணவு, 200 மரம், 100 பொன், 200 கல். ஒரு வில்லேஜரை உருவாக்க 50 உணவு, 25 நொடி. டவுன் சென்டர் ஐந்து பேருக்குத்தான் இடம் தரும். ஒற்றனையும் சேர்த்து ஏற்கெனவே நான்கு பேர் ஆகிவிட்டது. அதாவது இன்னும் ஒருவர் வந்தால் இடம் நிரம்பிவிடும். ஆகவே ஆட்டம் தொடங்கிய உடனே எச் விசையை அழுத்தி டவுன் சென்டருக்குப் போய் வில்லேஜரை வரிசையில் போடுங்கள். அதே மூச்சில் இரண்டு பேரை வீடு கட்ட அனுப்புங்கள். ஒரு வீட்டுக்கு 25 மரம், ஐந்து பேருக்கு இடம்.

ஒற்றனை டவுன் சென்டரைச் சுற்றி வட்டமாக ஓட விடுங்கள். முதல் வட்டத்தில் நான்கு ஆடுகள் கிடைக்கும், கொஞ்சம் தள்ளி இரண்டிரண்டாக இன்னும் நான்கு. ஆட்டை டவுன் சென்டர் காலடிக்கே ஓட்டிவந்து, ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் அறுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அறுத்தால் கறி கெட்டுப்போகும். விளையாட்டில் நிஜமாகவே அளவு குறையும். ஆறு பேரை ஆட்டில் விட்டுவிட்டு, அடுத்து வருகிற மூன்று நான்கு பேரை மரத்துக்கு அனுப்புங்கள். மரத்துக்குப் பக்கத்திலேயே 100 மரத்தில் லம்பர் கேம்ப் (வெட்டிய மரத்தைச் சேர்க்கும் இடம்). தூரம் வைத்தால் வில்லேஜர் நடந்தே காலத்தைக் கழிப்பான்.

பிறகு காட்டுப்பன்றி. ஒரு பன்றியில் 340 உணவு, ஆட்டைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரு வில்லேஜர் போய் அம்பு விட்டுவிட்டு டவுன் சென்டருக்கு ஓடி வர வேண்டும். பன்றி துரத்திக்கொண்டு வரும், மற்றவர்கள் சேர்ந்து அடிக்க வேண்டும். காட்டுப்பன்றி கோபத்தில் என்ன செய்யும் என்று தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலக்கடலை போடுகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மற்றவர்கள் முதலில் லூம் ஆராய்ச்சியை முடித்துக்கொள்ளுங்கள். 50 பொன்தான்; வில்லேஜருக்கு உடம்பு கொஞ்சம் கெட்டிப்படும்.

ஆட்டில் ஒரு வேடிக்கை. உங்கள் ஆள் பக்கத்தில் இல்லாத ஆட்டை எதிரியின் ஒற்றன் பார்த்துவிட்டால், அது அவன் ஆடாகிவிடும். ஓட்டிக்கொண்டு போய்விடுவான். நீங்களும் அதைச் செய்யலாம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பாருங்கள்: மாட்டுத் தொறுவைக் கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவர்கள், கவர்ந்த தொறுவை மீட்கப் போய்ச் செத்தவர்கள். வெட்சியும் கரந்தையும் இலக்கணத்தில் படித்துப் பரீட்சைக்குப் பின் மறந்தவர்கள், ஒருமுறை எட்டு ஆட்டில் நான்கைப் பறிகொடுத்துப் பாருங்கள். நன்றாக மனதில் நிற்கும்.

இப்போது ஒரு கணக்கு. மூன்று பேரோடு தொடங்கி இருபத்தைந்து வில்லேஜர் ஆக, 22 பேரை உருவாக்க வேண்டும். 22-ஐ 25-ஆல் பெருக்கினால் 550 நொடி. லூமுக்கு 25 நொடி. மொத்தம் 9 நிமிஷம் 35 நொடி. அப்போது 500 உணவு கையில் இருந்தால் ஃபியூடல் ஏஜுக்கு, அதாவது ஆட்டத்தின் இரண்டாவது காலத்துக்கு, ஏற விசையை அழுத்தலாம். ஏற 130 நொடி ஆகும். 11 நிமிஷம் 45 நொடியில் நீங்கள் ஃபியூடலில் இருக்க வேண்டும். 14 ஆகிறது, 16 ஆகிறது என்றால் காரணம் ஒன்றே ஒன்றுதான்: நடுவில் டவுன் சென்டர் சும்மா கிடந்திருக்கிறது. வீடு இல்லாமல் நின்றதா, உணவு இல்லாமல் நின்றதா என்று மட்டும் தேடுங்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் இதைவிடக் குறைந்த ஆளோடு சீக்கிரமாகவே ஏறுவார்கள். அது உங்களுக்கு இப்போது வேண்டாம்.

சும்மா நிற்கும் வில்லேஜரைக் கண்டுபிடிக்க முற்றுப்புள்ளி விசை. மெனுவில் 'ஆர்ட் ஆஃப் வார்' என்று பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் தொடக்கப் பொருளாதாரப் பயிற்சியை மட்டும் திரும்பத் திரும்ப ஆடுங்கள். கம்ப்யூட்டரோடு மோதும்போது ஸ்டாண்டர்ட், பிறகு மாடரேட். மேப்பில் முதலில் அரீனா எடுங்கள்: ஊரைச் சுற்றி மதில் கட்டியே தருவார்கள். அரேபியா மேப்பில் மதில் கிடையாது, எட்டாவது நிமிஷத்தில் எவனாவது வந்து கதவைத் தட்டுவான்.

எந்த நாகரிகம்?

"தமிழனா ஆடணும்" என்று கேட்காத ஆள் இல்லை. 2022 ஏப்ரலில் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' தனியாக வாங்க வேண்டிய தொகுப்பு. அதில் திராவிடர், வங்காளர், குர்ஜரர் மூன்றும் புதிது. பழைய இந்தியர் இந்துஸ்தானியர் ஆனார்கள். திராவிடர்களின் ஆட்கள் தமிழில் பதில் பேசுவார்கள். முதல்முறை கேட்கும்போது சிரிப்பு வரும், இரண்டாவது நாள் பழகிவிடும். உருமி வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல் இரண்டும் இவர்களுக்கே உரியவை. ஒரு காலத்திலிருந்து அடுத்ததற்கு ஏறும்போது மரம் இனாமாக வரும், மீன்பிடி படகு அதிகம் சுமக்கும். தண்ணீர் மேப்பில் தூக்கலாக இருக்கும். குதிரைப்படை மட்டும் சோப்ளாங்கி. ராஜேந்திரன் பெயரில் ஒரு கேம்பெயின் (கதையோடு தொடர்ந்து வரும் ஆட்டங்கள்) உண்டு. அதை இப்போதே தொடாதீர்கள். பல முனையில் சண்டை, புதியவர்கள் திணறுவார்கள். வில்லியம் வாலஸ் கேம்பெயின்தான் கை பழக எழுதப்பட்டது, சலிப்பாக இருந்தாலும் அதை முடியுங்கள்.

திராவிடர்களுக்கு 'ஊட்ஸ் ஸ்டீல்' என்று ஓர் ஆராய்ச்சி உண்டு. முடித்துவிட்டால் காலாளும் குதிரையாளும் அடிக்கும் அடியை எதிரியின் கவசம் தடுக்காது. தென்னிந்தியாவில் மூசையில் உருக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிய எஃகின் பெயர் அது. அந்தத் தொகுப்பு வெளியான சில நாட்களிலேயே, 2022 மே மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. இரண்டும் வேறு வேறு காலம், வேறு வேறு தொழில்நுட்பம். ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆனாலும் அந்த மாதத்தில் எங்கள் பக்கத்துப் பையன்கள் நடந்த நடை தனி.

படையை எப்போது எழுப்புவது? ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை எல்லோருக்கும் தெரியும். தொண்டைமான் ஆயுதங்கள் நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, காவலுள்ள மாளிகையில் பளபளவென்று இருக்கின்றன. எங்கள் அதியமானுடையவை பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடி வந்தார். உங்கள் படை தொண்டைமான் படையாக நிற்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். ஊர் நடுவில் இருபது வீரர் சும்மா நின்றால், அந்த உணவும் பொன்னும் இருபது வில்லேஜர் ஆகாமல் போனது என்று பொருள். எழுப்பினால் உடனே எங்காவது அனுப்புங்கள், எதிரியின் விறகுவெட்டிகளைத் துரத்தவாவது. ஈட்டிக்காரன் குதிரையைத் தடுப்பான், வில்லாளி காலாளை வீழ்த்துவான், ஸ்கர்மிஷர் (எறியீட்டிக்காரன்) வில்லாளியைப் பார்த்துக்கொள்வான். யானை வந்தால் ஈட்டிக்காரர்களும் மதகுருக்களும். மதகுருக்கள் மந்திரம் சொல்லி யானையையே உங்கள் பக்கம் இழுத்துவிடுவார்கள். தொடக்கத்துக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

மேப்பைப் படிக்க நம் ஊரே போதும்

சிவிலைசேஷன் 6-க்கு வந்தால், முதல் டர்னிலேயே தலைநகரை எங்கே வைப்பது என்ற கேள்வி. ஆற்றை ஒட்டி வையுங்கள். நன்னீர் இருந்தால் ஊரில் ஐந்து பேருக்கு இடம், கடலோரம் மட்டும் என்றால் மூன்று, இரண்டும் இல்லையென்றால் இரண்டு. இந்த எண்ணைப் பார்த்து "இதென்ன பெரிய விஷயம்" என்பவர்கள் காவேரிப்பட்டணம் ஏன் அங்கே இருக்கிறது என்று யோசிக்கட்டும் (பெயரில்தான் காவேரி, ஓடுவது தென்பெண்ணை). தண்ணீரை விட்டுத் தள்ளி வைத்த ஊர்களுக்குப் பின்னால் எவ்வளவு செலவாகும் என்பதற்கும் நம்மிடம் சாட்சி இருக்கிறது: ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்த இரண்டு மாவட்டத்துக்கும் 2013-ல்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. விளையாட்டில் அதற்கு அக்வடக்ட் என்று பெயர், கட்ட நிறைய டர்ன் பிடிக்கும்.

அடுத்தது கணவாய். மலை ஏறிக் கடக்க முடியாத இடத்தில் நடுவே ஒரு வழி இருந்தால், அதை யார் பிடிக்கிறார்களோ அவர்கள் ராஜா. தொப்பூரில் ஒரு லாரி கவிழ்ந்தால் சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவில் தேசிய நெடுஞ்சாலை 44 முழுக்க நின்றுபோகிறதே, அதேதான். மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கீழே சமவெளிக்கு இறங்கும் வழிகளை அடைத்தாற்போல நம் பாராமகால் (நம் பகுதியின் பழைய பெயர்) கோட்டைகள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி கோட்டைக்கு ஒருமுறை ஏறுங்கள், ராயக்கோட்டைக்கும் ஏறுங்கள். மேலே நின்று கீழே எந்த எந்தச் சாலை தெரிகிறது என்று விரலால் காட்டிப் பாருங்கள். ஹைதரும் திப்புவும் கிழக்கிந்தியக் கம்பெனியாரும் இந்தப் பாறைகளுக்காக ஏன் அத்தனை அடித்துக்கொண்டார்கள் என்று கண்ணுக்கே தெரியும். சிவிலைசேஷனில் அந்த மாதிரி இடத்தில் ஒரு கோட்டையும் இரண்டு வில்லாளியும் வைத்தால், உங்களைவிட இரண்டு பங்கு படையை நிறுத்திவிடலாம்.

1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனி கைக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த விளையாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டியது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து ஏழு வருஷம் நிலத்தை அளந்தார்கள், எந்த வயலுக்கு எவ்வளவு வரி என்று கணக்கெழுதினார்கள். பின்னால் ரயத்துவாரி என்று மாகாணம் முழுக்கப் பரவிய முறைக்கு அடித்தளம் இங்கே போடப்பட்டது. சண்டையில் பிடித்த ஊரை அப்படியே விட்டால் கலகம்தான் வரும். சிவிலைசேஷனிலும் பிடித்த நகரத்துக்கு ஒரு கவர்னரை அனுப்பி, வசதி செய்து கொடுத்தால்தான் அது உங்களோடு நிற்கும்.

முதல் இருபது டர்னுக்கு ஒரு வரிசை: ஒற்றன், கவண்காரன் ஒருவன், பிறகு செட்லர் (புது ஊர் அமைக்கப் போகிறவர்கள்). காட்டுமிராண்டிகளின் ஒற்றன் உங்கள் ஊரைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பினால் கும்பலோடு வருவார்கள். அவன் திரும்பிப் போகும் முன்பே வழிமறித்து அடியுங்கள். கவண்காரன் ஒரு ஆளைக் கொன்றால் வில்வித்தை ஆராய்ச்சி சீக்கிரம் முடியும் என்ற லாபமும் உண்டு. கேம்பஸ் (அறிவியல் வளாகம்) கட்டும்போது மலைகளை ஒட்டிக் கட்டுங்கள். ஒவ்வொரு மலைக்கும் அறிவியல் புள்ளி ஒன்று கூடும். கடினத்தில் பிரின்ஸ் வரை கம்ப்யூட்டருக்குத் தனிச் சலுகை கிடையாது, அதற்கு மேலே போனால் அதற்கு இனாம் கொடுத்துத்தான் பலசாலி ஆக்குகிறார்கள். அதனால் கிங் மட்டத்தில் தோற்றதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்று. "இன்னும் ஒரே ஒரு டர்ன்" என்று சொல்லி விடியும்வரை உட்காருவது உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்காரர்களின் வியாதி. ஹாஸ்டலில் லைட் அணைக்கும் நேரம், மறுநாள் முதல் ஷிஃப்ட், இரண்டில் எதுவாக இருந்தாலும் போனில் அலாரம் வையுங்கள். டர்ன் முறையில் சேவ் செய்துவிட்டு எந்த நேரத்திலும் எழலாம். அதற்குத்தானே அது டர்ன் முறை.

ஆடியதைப் பேசுவது

என்னைக் கேட்டால் ஆட்டத்தில் பாதி சுகம் முடிந்த பிறகு பேசுவதில்தான். டீக்கடையோ, ஹாஸ்டல் மொட்டைமாடியோ, போனில் கான்ஃபரன்ஸ் காலோ, எங்கே பேசினாலும் சரி. ஆனால் பெரும்பாலான பேச்சு இப்படிப் போகும். பாலக்கோட்டுத் தம்பி, ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கும் அண்ணனுக்குப் போன் பண்ணுகிறான்:

"ணா, நேத்து ஒருத்தன் யானைய விட்டு ஊரையே மிதிச்சிட்டான்ணா. யானை ஓவர் பவரு. நெர்ஃப் பண்ணணும்."

"எத்தனாவது நிமிஷத்துல வந்துச்சு?"

"அது பாக்கலணா."

"உன்கிட்ட அப்ப எத்தன வில்லேஜர்?"

"ஒரு முப்பது இருக்கும்ணா."

"யானை வரப்போவுதுன்னு ஒற்றன வச்சுப் பாத்தியா?"

"ஒற்றன் ஆரம்பத்துலயே செத்துட்டான்."

"அப்ப யானை மேல ஏன்டா கோவம்?"

அண்ணன் ரெக்கார்டிங்கை அனுப்பச் சொல்கிறார். ஆடிய ஒவ்வொரு ஆட்டத்தின் பதிவும் விளையாட்டிலேயே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் யானை வந்தது 32-வது நிமிஷம். அதுவரை தம்பியின் டவுன் சென்டர் பல இடங்களில் நிமிஷக்கணக்கில் தூங்கியிருக்கிறது, பொன் சுரங்கத்தில் நான்கே பேர். எதிரியிடம் எண்பது வில்லேஜர். யானையே வராமல் வெறும் ஈட்டிக்காரன் வந்திருந்தாலும் தம்பி போயிருப்பான்.

ஆகவே பேச வரும்போது நான்கு விஷயத்தைக் கையோடு கொண்டுவாருங்கள்: எந்த மேப், எதிரி யார், கடினம் என்ன, எந்த நிமிஷத்தில் அல்லது எந்த டர்னில் கை நழுவியது. எந்தத் தொகுப்பு, எந்த அப்டேட் என்பதையும் சொல்லுங்கள். இந்த விளையாட்டுகளில் எண்கள் அடிக்கடி மாறும், போன வருஷம் பலசாலியாக இருந்தது இந்த வருஷம் சாதாரணம் ஆகியிருக்கும். ரஷ் என்றால் சீக்கிரமே பாய்வது, பூம் என்றால் சண்டையைத் தள்ளிப்போட்டு ஆளைப் பெருக்குவது, டர்டில் என்றால் மதிலுக்குள் முடங்குவது, மெட்டா என்றால் இப்போது எல்லோரும் ஆடும் வழி, தம்பி சொன்ன நெர்ஃப் என்றால் விளையாட்டைச் செய்தவர்களே ஒன்றின் பலத்தைக் குறைப்பது. இந்தச் சொற்கள் தெரிந்தால் பாதிப் பேச்சு புரியும். தோற்றவன் முடிவில் 'ஜிஜி' (குட் கேம்) என்று போட்டுவிட்டு வெளியேறுவது மரியாதை. நடுவில் ஒயரைப் பிடுங்குவது கேவலம்.

நம் பக்கத்துப் பேச்சில் வரும் இரண்டு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். ஒன்று, ராஜேந்திர சோழன் பேச்சு வந்த ஐந்தாவது நிமிஷம் "அவர் எங்க ஆளுங்க" என்று யாராவது ஆரம்பிப்பது. ஆட்டத்தைப் பேச உட்கார்ந்த இடத்தில் சாதிக் கணக்கை எடுத்தால் எழுந்து போய்விடுங்கள், அல்லது ஆரம்பித்தவரை எழுந்து போகச் சொல்லுங்கள். மற்றது, 'திராவிடர்' என்று பெயர் வைத்தது சரியா என்ற அரசியல் சண்டை. சோழர், சேரர், பாண்டியர், ஹொய்சளர், காகதீயர் எல்லோரையும் ஒரே மூட்டையில் கட்டியது எனக்கும் உடன்பாடில்லை; கடல் சண்டைக்காரனும் மேட்டுநிலத்துக்காரனும் ஒரே படை வைத்திருந்ததாக ஆகிவிடுகிறது. இந்த மாதிரி ஆட்ட வடிவமைப்பாகப் பேசினால் பேச்சு வளரும். கட்சிக் கொடியைப் பிடித்துப் பேசினால் அங்கேயே முடியும்.

காதில் விழுவதையெல்லாம் நம்பவும் கூடாது. 'அணுகுண்டு காந்தி' கதையை யாராவது கட்டாயம் சொல்வார்கள்: முதல் சிவிலைசேஷனில் காந்தியின் கோபப் புள்ளி ஒன்றிலிருந்து குறைந்து, கணினிப் பிழையால் 255 ஆகி, அவர் எல்லோர் மேலும் குண்டு போட்டார் என்று. கேட்க ஜோராக இருக்கும். அப்படி ஒரு பிழை இருந்ததே இல்லை என்று சிட் மேயரே 2020-ல் தெளிவாக்கிவிட்டார். பிறகு வந்த பாகங்களில் அந்தக் கதையை வேடிக்கைக்காக அவர்களே சேர்த்துக்கொண்டார்கள் என்பது வேறு.

நல்ல விவாதத்துக்கு ஒரு தலைப்பு வேண்டுமானால் 2025 பிப்ரவரியில் வந்த சிவிலைசேஷன் 7-ஐ எடுங்கள். அதில் ஆட்டம் மூன்று காலமாகப் பிரியும். வெளிவந்தபோது இருந்த விதிப்படி, காலம் மாறும்போது நாகரிகத்தையே மாற்ற வேண்டும், தலைவர் மட்டும் மாறமாட்டார். நடுக் காலத்தில் சோழர் உண்டு. அசோகர் மௌரியராகத் தொடங்கிச் சோழராக மாறலாம். ஆனால் வெளிவந்தபோது ராஜராஜனும் இல்லை, ராஜேந்திரனும் இல்லை. சோழரை பெஞ்சமின் பிராங்க்ளின் ஆள்கிறார் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா, எரிச்சல் வருகிறதா? இரண்டு கட்சிக்கும் நியாயம் இருக்கிறது. நான் எரிச்சல் கட்சி.

இதற்குப் பிறகு

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் பன்னிரண்டு நிமிஷக் கணக்கு கைவந்ததும் தெரிந்தவர் ஒருவரோடு ஒரே அணியில் சேர்ந்து கம்ப்யூட்டரை எதிர்த்து ஆடுங்கள். முகம் தெரியாதவர்களோடு மோதுவது அதற்கு அடுத்து. ரேங்க் ஆட்டத்தில் முதல் சில ஆட்டங்கள் வரிசையாகத் தோற்பது வழக்கம். உங்கள் மட்டம் எது என்று அது தெரிந்துகொள்ளும்வரை அப்படித்தான்.

பிடி இன்னும் இறுகினால் யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 இருக்கிறது. ஐந்தாம் பாகம் 2025 நவம்பரில் வந்துவிட்டது, ஆனால் அதற்குக் கனமான கம்ப்யூட்டர் வேண்டும், நான்காம் பாகமே போதும். ஆட்டம் 1444 நவம்பர் 11-ல் தொடங்கும். தக்காணத்துக்குக் கீழே விஜயநகரம், அதற்கு வடக்கே பாமினி. விஜயநகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் காலம் நிற்கும். நிறுத்தி வைத்தபடியே முதல் அரைமணி நேரம் மேப்பில் பக்கத்து ராஜ்ஜியங்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கி, யார் யாரோடு கூட்டு, யாருக்கு எவ்வளவு படை, எவ்வளவு கடன் என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பாமினியின் கூட்டாளி வேறு சண்டையில் சிக்கியிருக்கிறானா என்று பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஸ்பேஸ் பாரை மறுபடி தட்டலாம்.